கரையேறாத ஆடு

"நீங்க 'உம்' கொட்டினாத்தான் ஆடு அடுத்த அடி வைக்கும். சரியா சாமி?" என்றார் பால்வாடி டீச்சர் செல்லியம்மாள்.

"உம்" என்றன குழந்தைகள்.

பள்ளிபாளையத்து ஆடு ஈரோட்டுக்குப் போகக் காவிரியில் இறங்கியது. ஒண்ணு, ரெண்டு என்று டீச்சர் ஆட்டின் அடிகளை எண்ணினார். குழந்தைகள் உம் கொட்டின. மதியச் சோறு தின்ற மயக்கத்தில் ஒவ்வொன்றாகத் தூங்கிப்போயின. மூலையிலிருந்து மட்டும் 'உம்' வந்துகொண்டே இருந்தது. அன்றுதான் சேர்ந்திருந்த அர்த்தநாரி அங்கே சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான்.

ஆடு நடு ஆற்றுக்கு வந்தபோது மில் சங்கு ஊதியது. டீச்சர் கதையை நிறுத்திக் குழந்தைகளை எழுப்பி அனுப்பினார். கடைசியாக அர்த்தநாரியின் அம்மா பொன்னாயி வந்தாள்.

"பையன் தொந்தரவு பண்ணுனானுங்களா டீச்சர்?"

"இல்லீங்க. அத்தனை பேரும் தூங்கியும் இவன்தான் விடாம உம் கொட்டுனான்."

பொன்னாயி மகனை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

"இவனுக்குக் காதும் கேக்காது, பேச்சும் வராதுங்க. காத்தாலயே ஆயாகிட்டச் சொன்னனுங்களே."

"அப்ப உம் கொட்டுனது யாரு?"

"இவன்கூட ரெட்டையாப் பொறந்தவன் ஒருத்தன் இருந்தானுங்க. எங்க யாரு கதை சொன்னாலும் இவனுக்கும் சேர்த்து அவன்தான் உம் கொட்டுவான். போன ஆடிப்பெருக்குல ஆத்தோட போயிட்டானுங்க."

மகனைத் தூக்கிக்கொண்டு அவள் வேகமாக நடந்தாள்.

டீச்சர் பூட்டை எடுத்தார். ஆட்டை நடு ஆற்றிலேயே நிறுத்திவிட்டது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

காலி அறைக்குள்ளிருந்து கேட்டது.

"உம்."