கழற்றாத மூக்குத்தி

“மூக்குத்தியைக் கழட்டுங்கம்மா. அது இருந்தா ஸ்கேன்ல வெள்ளை வெள்ளையா கோடு அடிக்கும். மூக்குக்குள்ள பூஞ்சை எதுவரைக்கும் போயிருக்குன்னே தெரியாது,” என்றாள், தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுக்கும் ரோஹிணி.

கன்னம் வீங்கி உட்கார்ந்திருந்த அம்சம் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

“கல்யாணமான வருஷம், குறுவை அறுத்த கையோட திருக்காட்டுப்பள்ளிக்குக் கூட்டிட்டுப் போயி அவரு வாங்கிக் குடுத்தது. அழகா இருக்குன்னு அவரு சொன்ன பிறகுதான் நான் கண்ணாடியே பார்த்தேன். அவரைக் கேக்காம கழட்ட மாட்டேன்.”

“சர்க்கரை உடம்பும்மா! பூஞ்சை கண்ணுக்கு ஏறினா பார்வையே போயிடும்னு டாக்டர் சொன்னாருல்ல?” மகள் தமிழ்நிலா கெஞ்சினாள்.

அம்சம் அசைவதாயில்லை. ரோஹிணிக்குப் பொறுமை போயிற்று.

“ஐயா வெளியிலதானே இருக்காரு? நானே கேட்டுட்டு வர்றேன்.”

தமிழ்நிலா தலைகுனிந்தாள். “அப்பா தவறி மூணு வருஷமாச்சுங்க. கருமாதியன்னிக்குச் சொந்தபந்தமெல்லாம் சேர்ந்து கழட்டச் சொல்லியும் அம்மா விடலை.”

வாசல்வரை போன ரோஹிணி திரும்பி வந்து அம்சத்தின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“ஸ்கேன் முடிஞ்சதும் நானே திரும்பப் போட்டுவிடுறேம்மா.”

அம்சம் அவளையே பார்த்தாள். பிறகு கையை எடுத்துவிட்டு முகத்தை நீட்டினாள்.

“அன்னிக்குக் கழட்ட வந்தவங்க ஒருத்தரும் இதைச் சொல்லலையேம்மா.”