மூன்றுக்கு எதிராக ஒன்று

"மூணு பேர் ஒரே மாதிரி சொல்றாங்க. நாலாவது ஆள் மட்டும் வேற சொல்றான். நீங்க யாரை நம்புவீங்க, பெரியவரே?"

கேட்டவர் கேப்டன். பழைய சிறு விமானம் ஒன்றை அண்மையில் விலைக்கு வாங்கியவர். பட்டறையின் நடுவே அந்த விமானம் மூக்கு மூடி கழற்றப்பட்டு நின்றது. இஞ்சினில் நான்கு சிலிண்டர்கள். ஒவ்வொன்றும் வெளியே தள்ளும் புகையின் சூட்டை அளந்து சொல்ல, ஒவ்வொரு புகைக்குழாயிலும் ஒரு சென்சார். மூன்று சென்சார்கள் ஒரே சூட்டைக் காட்ட, நான்காவது மட்டும் எகிறியது.

"சொல்றது யாருங்கிறதைப் பொறுத்து," என்றார் பட்டறைக்காரப் பெரியவர். கைகளைப் பின்னால் கட்டியிருந்தார். முதுகு அளவுகோல் வைத்தது போல் நிமிர்ந்திருந்தது.

"மூணும் ரொம்ப வருஷமா ஒழுங்கா இருக்கு. நாலாவதைத்தான் புதுசா மாத்தியிருக்கு. அது உங்க குடும்பத்து வேலைன்னு வித்தவர் சொன்னார்."

"சரியாத்தான் சொல்லியிருக்கார். எங்க குடும்பத்து வேலைதான்."

"அப்ப ஒத்துக்குங்க. அது கெட்ட சரக்கு. கழட்டிட்டு வேற போடுங்க, விஷயம் முடிஞ்சுது. நான் ஆரம்பிக்கப்போற பயிற்சிப் பள்ளிக்கு இன்னும் அஞ்சு விமானம் வருது. அத்தனை பராமரிப்பும் உங்களுக்குத்தான்."

மீசை நரைக்கத் தொடங்கியிருந்த மகன் பெரியவரைச் சற்று தள்ளி அழைத்துப்போனான்.

"அப்பா, வீம்பு வேண்டாம்ப்பா. கழட்டிப் போட்டுடலாம். நமக்கென்ன போச்சு?"

"நம்ம பேரு போகும்டா."

"நம்ம பேரா?" என்று ஆரம்பித்த மகன், அப்பா பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டான்.

பெரியவர் இரண்டாவது சென்சாரையும் நான்காவதையும் கழற்றி இடம் மாற்றிப் பூட்டினார். விமானத்தை வெளியே தள்ளி இஞ்சினை ஓடவிட்டார்கள். இப்போது நான்காவது சிலிண்டர் அடங்கிவிட்டது. இரண்டாவது எகிறியது.

கேப்டன் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார்.

"பாத்தீங்களா! சிலிண்டர் மேல தப்பே இல்ல. இந்த சென்சார்தான் போற இடமெல்லாம் கலாட்டா பண்ணுது, மாமியார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி!"

"சென்சாருங்க ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகலைன்னுதான் தெரிஞ்சுது. பொய் சொல்றது எதுன்னு இன்னும் தெரியலை."

"மூணு சாட்சி இருக்கும்போதா?"

"சாட்சியை எண்ணக் கூடாது, கேப்டன். விசாரிக்கணும்." பெரியவர் மகன் பக்கம் திரும்பினார். "டேய், டீ போடுற பாத்திரத்துல தண்ணி கொதிக்க வை."

"எனக்குச் சர்க்கரை கம்மியா," என்றார் கேப்டன்.

யாரும் சிரிக்கவில்லை.

மின்னடுப்பை விமானத்தின் அருகிலேயே வைத்தார்கள். பெரியவர் நான்கு சென்சார்களையும் குழாய்களிலிருந்து கழற்றினார். ஒயர்களை அப்படியே இணைப்பில் விட்டு, முனைகளை மட்டும் பாத்திரத்தை நோக்கி இறக்கினார்.

"தண்ணி எந்தச் சூட்டுல கொதிக்கும்?"

"நூறு டிகிரி. இது பள்ளிக்கூடப் பிள்ளைக்கே தெரியுமே."

"அது போதும். தண்ணி யாருக்கும் சொந்தக்காரன் இல்லை. பாரபட்சம் பார்க்காது."

"சரி, நாலாவதுதான் பொய்யின்னு ஆச்சுன்னா?"

"வாசல் பலகையிலிருந்து எங்க குடும்பப் பேரை எடுத்துடறேன்."

"அப்பா!" என்றான் மகன்.

"நீ தண்ணியைப் பாரு."

தண்ணீர் தளதளவென்று கொதித்தது. நான்கு முனைகளும் ஒன்றாக உள்ளே இறங்கின. கேப்டன் விமானத்துக்குள் தலையை நுழைத்து, சூட்டைக் காட்டும் திரையைப் பார்த்தார். எண்கள் ஏறின. எண்பதைத் தாண்டியதும் மூன்று எண்கள் மூச்சு வாங்கினாற்போல் நின்றுவிட்டன.

புது சென்சாரின் எண் மட்டும் ஏறிக்கொண்டே போய், நூறைத் தொட்டு அசையாமல் நின்றது.

கேப்டன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். நூறுதான்.

"அப்படின்னா... அந்த மூணும்..."

"முனை தேய்ஞ்சு போச்சு. இருக்கிற சூட்டைக் குறைச்சுச் சொல்லுது. எரிபொருளைக் குறைச்சு விட்டா இஞ்சின் சூடு ஏறும்; இதுங்க சொன்னதை நம்பி, மிச்சம் பிடிக்கிறோம்னு நினைச்சு, இஞ்சினை வறுத்துக்கிட்டு இருந்திருக்கீங்க. இப்படியே பறந்திருந்தா ஒரு நாள் மேலேயே வால்வு கருகியிருக்கும்."

"என் பொண்டாட்டி பிள்ளைங்களை ஏத்திக்கிட்டுப் போறதா இருந்தேனே," என்றார் கேப்டன். குரல் இறங்கியிருந்தது. பெரியவரின் இரு கைகளையும் பற்றிக்கொண்டார். "நாலாவதைப் போட்ட கை தங்கக் கை! ஒப்பந்தம் இந்த நிமிஷமே அந்தக் கைக்குத்தான். ஆனா ஒண்ணு, அந்த மூணைப் போட்டு இத்தனை வருஷம் திரும்பிப் பாக்காத ஆளு மட்டும் என்கிட்ட மாட்டினா..."

"மாட்டிக்கிட்டான். அந்த மூணையும் போட்டது நான்தான்," என்றார் பெரியவர்.

கேப்டன் திகைத்து நிற்க, பெரியவர் முதுகை இன்னும் ஒரு பிடி நிமிர்த்தி வாசலுக்கு வெளியே விரலை நீட்டினார்.

"நாலாவதைப் போட்டது, என்னோட சண்டை போட்டுக்கிட்டு, எனக்கு எதிர்லயே தனியாப் பட்டறை திறந்திருக்காளே, என் மக. போங்க, ஒப்பந்தத்தை அவ கையில கொடுங்க!"