கீறல் நிபுணர்

மாப்பிள்ளை கத்தி தீட்டும் கற்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், வீட்டில் எல்லோருக்கும் திடீரென்று ஏதாவது வேலை வந்துவிடும். அன்று அதிசயமாக மாமனாரே வலிய வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஒவ்வொரு கல்லும் தகட்டுல ஒவ்வொரு மாதிரி கீறல் போடுமாமே, மாப்பிள்ளை?"

மாப்பிள்ளைக்குத் தலைகால் புரியவில்லை. பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டார்.

"நைஸ் கல்லு போடுற கோடு கண்ணுக்கே தெரியாது மாமா. முரட்டுக் கல்லு உழுது தள்ளிடும். கீறலைக் காட்டுங்க, கல்லோட ஜாதகத்தையே சொல்றேன்."

மாமனார் செல்போனை நீட்டினார். திரை முழுக்க ஒரே ஒரு கீறல், பெரிதாக.

"முரட்டுக் கல்லுதான். நடுவுல இடைவெளி விட்டிருக்கு பாருங்க, மூலை உடைஞ்ச கல்லு." மாப்பிள்ளை துள்ளினார். "அட, இது என் கல்லு மாமா! நேத்து வாங்கிட்டு வரும்போது பையைக் கிழிச்சுக்கிட்டு வெளியே துருத்திட்டு நின்னுச்சே, அதே கல்லு!"

"வேற எதுவும் பட்டிருக்காதா?"

"சான்ஸே இல்லை. எந்தக் கோர்ட்டுல வேணாலும் வந்து சொல்வேன்."

மாமனார் எழுந்துபோய் வாசல் கதவைத் திறந்தார். பக்கத்து வீட்டுக்காரர் முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

"மன்னிச்சுக்கங்க சார். உங்க சைக்கிள்தான் என் புதுக் காரைக் கீறிடுச்சுன்னு நேத்து அடிச்சுச் சொன்னதும் எங்க மாப்பிள்ளைதான். இப்ப கண்ணாடி வச்சுப் பார்த்து, தன் கல்லுதான்னு சொல்றதும் அவரேதான்."