அம்சாவின் சனிக்கிழமைச் சோறு

சனிக்கிழமை வந்தால் ஐந்து வயது அம்சா ஏன் சோற்றைத் தொடுவதில்லை என்று கஸ்தூரிக்குப் பிடிபடவே இல்லை. ஒரு வாரம் புளியைக் குறைத்தாள். மறுவாரம் மீனை மாற்றினாள். ரேஷன் அரிசியின் வாடையோ என்று நாலு தண்ணீரில் கழுவியும் பார்த்தாள். எதுவும் பலிக்கவில்லை.

கடைசியில், நொச்சிக்குப்பம் ரோட்டோரம் மீன் விற்றுக்கொண்டிருந்த தேசம்மாவிடம் குழம்புச் சட்டியோடு போய் நின்றாள்.

"அக்கா, நீயே சொல்லு. இதுல இன்னா கொறை?"

தேசம்மா விரலால் தொட்டு நக்கினாள். "என் கொழம்ப விட நல்லாத்தான் கீது, திருடி!"

"அப்பால ஏன் துன்ன மாட்டேங்குது? புள்ள காலைலேர்ந்து பட்டினியா கீது."

தேசம்மா கூடையை மூடினாள். "வா, நானே பாக்கறேன்."

குடிசைக்குள் நுழைந்ததும், "அம்மா!" என்று ஓடிவந்த அம்சா கட்டிக்கொண்டது தேசம்மாவை.

போன ஆடியில் பஞ்சாயத்தார் முன்னால் துரும்பைக் கிள்ளிப் போட்டுப் பாண்டுரங்கனை விட்டு விலகியவள் தேசம்மா. தை மாதம் அவனுக்கு வாழ்க்கைப்பட்டவள் கஸ்தூரி. தேசம்மாவிடம் வளரும் அம்சா சனிக்கிழமை மட்டும் அப்பா வீட்டுக்கு வருவாள்.

"நான் இங்க துன்னா நீ அழுவியாம்மா?" என்று அம்சா காதோடு கேட்டாள்.

தேசம்மா சட்டென்று சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். "கஸ்தூரி, எனக்கும் ஒரு தட்டு வை. பசி கொல்லுது!"

வாசலில் வந்து நின்ற பாண்டுரங்கன் திருதிருவென்று விழித்தான்.

"இன்னாய்யா முழிக்கிற? மீன் ஆறுது, நீயும் குந்து!" என்றாள் தேசம்மா.

அன்றிலிருந்து சனிக்கிழமைகளில் அம்சாவுக்கு முதல் கவளத்தைத் தேசம்மா அங்கேயே வந்து ஊட்டிவிட்டுப் போகிறாள். மீதியை அம்சா தானே சாப்பிட்டுவிடுகிறாள்.