நாற்பத்தேழு குறைகள்

“மேடம், இந்தப் பக்கம் வாங்க. இதைவிட மோசமான பம்பு ஒண்ணு உள்ளே இருக்கு!”

மேலாளர் உற்சாகமாக முன்னால் நடந்தார். பின்னால் வந்த உதவி மேலாளர் அவர் சட்டையைப் பிடித்து இழுக்காத குறை.

நகரத்தின் குடிநீர் நிலையத்தை இருபது வருடம் நடத்தச் சொல்லி நகராட்சி ஒரு தனியார் கம்பெனியிடம் கொடுத்திருந்தது. இந்த மாதத்தோடு ஒப்பந்தம் முடிகிறது. இத்தனை வருடமும் நிலையம் எப்படி நடந்தது என்று பார்த்து அறிக்கை எழுத வந்திருந்தார் அந்தப் பெண் பொறியாளர். மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பவர். எதற்கும் சட்டென்று தலையாட்டிவிட மாட்டார்.

“இது ஏன் இப்படி ஆடுது?” என்றார் பம்பைக் காட்டி.

“ஆறு வருஷமா ஆடுது மேடம். பேரிங் போச்சு. மாத்தச் சொல்லி கம்பெனிக்குப் பதினோரு கடிதம் எழுதினேன். நகல் இருக்கு, தரட்டுமா?”

அவர் குறித்துக்கொண்டார்.

வடிகட்டித் தொட்டியின் சுவர் பளபளவென்று இருந்தது. போன வாரம்தான் உதவி மேலாளர் ஆள் வைத்துப் பெயின்ட் அடித்திருந்தார்.

“சுவர் நல்லாத்தானே இருக்கு” என்று பொறியாளர் நகரப் போனார். உதவி மேலாளருக்கு மூச்சு வந்தது.

“நில்லுங்க மேடம்!” மேலாளர் சாவியால் பெயின்ட்டைச் சுரண்டினார். “மேலேதான் இந்தப் பவுசு. உள்ளே பாருங்க, விரல் நுழையிற விரிசல்.”

பொறியாளர் குனிந்து படம் எடுக்கும்போது, உதவி மேலாளர் மேலாளரின் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார்.

“சார், உங்களுக்கு என்ன ஆச்சு? கேக்காததை எல்லாம் வலியப் போய்க் காட்டுறீங்க. அறிக்கை கெட்டுப்போனா கம்பெனி நம்மளைச் சும்மா விடுமா? என் பொண்ணு இப்பதான் சார் காலேஜ்ல சேர்ந்திருக்கா.”

“நல்ல வேளை ஞாபகம் வந்துச்சு. மேட்டுத் தெரு வால்வு சொட்டுறதை நான் சொல்லவே இல்லையே!” என்று மேலாளர் ஓடினார்.

மாலையில் அலுவலகத்தில் உட்கார்ந்து பொறியாளர் கணக்கை முடித்தார்.

“தண்ணியோட தரத்துல ஒரு குறையும் இல்லை. இருபது வருஷமும் எல்லாத் தெருவுக்கும் தினம் போயிருக்கு. சின்ன விஷயமில்லை அது. ஆனா கடைசி ஆறு வருஷம் கம்பெனி பராமரிப்பைக் கைகழுவிடுச்சு. மொத்தம் நாப்பத்தேழு குறை.”

உதவி மேலாளர் நாற்காலியில் தொப்பென்று சாய்ந்தார்.

“எதுவும் விட்டுப்போகலையே மேடம்?” என்றார் மேலாளர்.

பொறியாளர் முதல்முறையாகச் சிரித்தார். “எத்தனையோ நிலையம் பார்த்துட்டேன். இப்படிக் கேட்ட மேலாளர் நீங்க ஒருத்தர்தான். பட்டியல்ல இருக்கிற அத்தனையையும் கம்பெனி சரிபண்ணிட்டுத்தான் நகராட்சிகிட்ட ஒப்படைக்கணும். விட்டுப்போச்சுன்னா நகராட்சி தலையில விடியும்.”

அவருடைய கார் வாசலைத் தாண்டியதும் மேலாளர் காலை நீட்டி உட்கார்ந்தார்.

“அப்பாடா!”

“என்ன சார் அப்பாடா? நம்ம வேலைக்கு நீங்களே உலை வச்சுட்டீங்க!” என்றார் உதவி மேலாளர்.

மேலாளர் இழுப்பறையைத் திறந்து நகராட்சி முத்திரையிட்ட இரண்டு உறைகளை எடுத்தார். ஒன்றை உதவி மேலாளர் கையில் வைத்தார்.

“நகராட்சி வேலைக்குப் போறதைக் கம்பெனிகிட்ட காலையிலயே சொல்லிட்டேன். ஒண்ணாம் தேதியிலேர்ந்து இந்த நிலையத்துக்கு நகராட்சியோட மேலாளர் நான், உதவி மேலாளர் நீ. ஒரு குறை விட்டுப்போயிருந்தாலும், அதோட இன்னும் பத்து வருஷம் மாரடிக்கப் போறது நாமதானே தம்பி!”