அறுபத்திரண்டாம் வரி

கம்ப்யூட்டர் திரையில் நேர்காணல் நடத்திக்கொண்டிருந்த கண்ணாடிக்காரம்மா, அவள் அனுப்பிய புரோகிராமின் அறுபத்திரண்டாம் வரியில் வந்து நின்றுவிட்டார்.

"இங்கே ஏதோ எழுதியிருக்கிறீர்களே, என்ன அது?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

அவள் குனிந்து அந்த வரியைப் பார்த்தாள்.

வீட்டிலிருந்தே பார்க்கிற புரோகிராமர் வேலை. முப்பத்தேழு கம்பெனிகள் அவளை நேர்காணலுக்குக்கூடக் கூப்பிடவில்லை. அனுபவம் எட்டே மாதம். அதற்குள் பிள்ளை பிறந்துவிட்டது. பிள்ளையை விட்டுவிட்டுப் போக மனசில்லை, வேலையை விடவும் மனசில்லை. இது முப்பத்தெட்டாவது. இவர்கள்தான் போனால் போகிறதென்று ஒரு கணக்கைக் கொடுத்து, புரோகிராம் எழுதி அனுப்பச் சொன்னார்கள்.

மடியில் பிள்ளை தூங்கும்போது எழுதுகிறவள் வாய்விட்டுத் திட்ட முடியுமா? அதனால் திட்ட வேண்டியதையெல்லாம் புரோகிராமுக்கு நடுவிலேயே தமிழில் குறிப்பாகத் தட்டி வைப்பாள். கம்ப்யூட்டர் அதைக் கண்டுகொள்ளாது. அனுப்புவதற்கு முன்னால் எல்லாவற்றையும் அழித்துவிடுவாள்.

நேற்று அழித்துக்கொண்டே வரும்போது பிள்ளை முழித்துக்கொண்டு வீட்டை இரண்டாக்கியது. அவசரத்தில் அனுப்பிவிட்டாள். ஒன்று தப்பிவிட்டது.

'இந்தக் கணக்கைப் போட்ட புண்ணியவானுக்கு வேற வேலையே இல்லையா?'

நல்லவேளை, இந்தம்மாவுக்குத் தமிழ் எங்கே தெரியப்போகிறது.

"பட்டியல் காலியாக இருந்தால் என்ன செய்வது என்று ஒரு ஞாபகக் குறிப்பு, மேடம்" என்றாள், கொஞ்சமும் கூசாமல்.

கண்ணாடிக்காரம்மாவின் முகத்தில் சிரிப்பு மருந்துக்குக்கூட இல்லை. "நல்ல பழக்கம்" என்று சொல்லி எதையோ குறித்துக்கொண்டார். அத்தோடு திரை அணைந்தது.

பஸ் டிரைவரான அவள் புருஷன் இதற்காகவே லீவு போட்டு, மாடிப்படியில் பிள்ளையோடு ஒரு மணி நேரமாகக் குந்தியிருந்தான். இப்போது உள்ளே எட்டிப் பார்த்தான்.

"என்னாச்சு?"

"ஊத்திக்கிச்சு" என்றாள். நடந்ததைச் சொன்னாள்.

அவன் சிரித்த சிரிப்பில் இடுப்பிலிருந்த பிள்ளையும் எதற்கென்று தெரியாமல் சிரித்தது. அவளுக்குத்தான் சிரிப்பு வரவில்லை. குளியலறைக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

மத்தியானம் பிள்ளையை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தபோது அந்தக் கம்பெனியிலிருந்து மெயில் வந்தது. 'உங்கள் புரோகிராமில் ஒரே ஒரு இடத்தில் கை வைத்திருக்கிறோம். பார்க்கவும்.'

சரி, தப்பு எங்கே என்றாவது தெரிந்துகொள்வோம் என்று ஒற்றைக் கையால் திறந்தாள். அவள் எழுதியது எழுதியபடியே இருந்தது. அறுபத்திரண்டாம் வரிக்குக் கீழே மட்டும் புதிதாக ஒரு குறிப்பு. அட்சர சுத்தமான தமிழ் எழுத்து.

'புண்ணியவான் இல்லம்மா, புண்ணியவதி. வேலை மலை மாதிரி குவிஞ்சு கிடக்கு. அதுல பாதியை உன் தலையில கட்டத்தான் இந்தக் கணக்கையே போட்டேன். திங்கட்கிழமை ஆரம்பிச்சுடு, வீட்டுல இருந்தபடியே.'

அவள் இன்னொரு முறை படித்தாள்.

பிறகு, மடியில் பிள்ளை தூங்குகிறது என்பதே மறந்துபோய், வாய்விட்டுக் கத்தினாள்.