மஃரிபுக்குள் வீடு

தாய்மாரே, தந்தைமாரே, திக்லிபூரில் நடந்த இந்த அநீதியைக் கண்கொண்டு பாருங்கள்.

அந்தித் தொழுகைக்கான மஃரிப் பாங்கு ஒலிக்குமுன் மகள் வீட்டிலிருக்க வேண்டும் என்பது கடைக்காரர் நாகூர் கனியின் சட்டம். கிழக்கே கடல் நடுவிலுள்ள இந்தத் தீவிலோ டிசம்பரில் ஐந்து மணிக்கே பொழுது சாய்ந்துவிடும். ஆயினும் பதினைந்து வயது தஹ்ஸீன் ஒருநாளும் தவறியதில்லை.

இன்று பாங்கு முடிந்தும் அவளைக் காணவில்லை. பிரம்போடு வாசலில் நின்றார். ஐந்தரைக்கு வந்த பேருந்திலிருந்து அவள் தோழி பஸீலா மட்டும் இறங்கினாள்.

"எங்கம்மா உன் சிநேகிதி? டியூஷன் முடிச்சு ஊர் சுத்தப் போயிட்டாளா?"

"இன்னும் வரலையா மாமா? இந்த பஸ்ல வந்தா லேட்டாகும், வாப்பா அடிப்பாங்கன்னு, தெனமும் முதலை ஓடைத் தண்ணியில எறங்கித்தானே குறுக்கால வருவா."

நாகூர் கனி ஓடைக்கரைக்கு ஓடி மகளைக் கூவி அழைத்தார். நீர் மட்டும் அசைந்தது.

பெற்றோரே, எத்தனை மணிக்கு வந்தாய் என்று அதட்டியது போதும். எந்த வழியாக வந்தாய் என்று இன்றே கேளுங்கள்.